கடைசித் தெருவை விட்டுடுங்க

"கொட்டுங்க! எதுல பிடிச்சு வச்சிருந்தாலும் கொட்டுங்க!"

குடத்தைப் பிடுங்கி நடுத்தெருவில் கவிழ்த்தாள் அவள். குடத்துக்காரி வாயடைத்து நின்றது ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் பாய்ந்து வந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

"நேத்துலேருந்து நாக்கு வறண்டு கிடந்து இப்பத்தான் ஒரு குடம் பிடிச்சேன். அதைப் போய்க் கொட்டறியே, நீ நல்லா இருப்பியா?"

"குடிச்சியா?"

"என்னது?"

"அதைக் குடிச்சியான்னு கேக்கறேன்!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, முடியைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. "இல்ல. ஒரு மாதிரி வாடை அடிச்சுது. தெளியட்டும்னு வச்சேன்."

"தெளியாது. கொதிக்க வச்சாலும் போகாது. பக்கத்து வீட்ல சொல்லு. அவங்களை அடுத்த வீட்ல சொல்லச் சொல்லு. ஓடு!"

குடத்துக்காரி ஒரு பக்கம் ஓட, அவள் இன்னொரு பக்கம் ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. இன்னொன்றை அவளே உதறிவிட்டாள். தார் உருகுகிற வெயில். ஆற்றின் மேல்பக்கம் நேற்று பேய்மழை என்றார்கள். இங்கே ஒரு சொட்டு விழவில்லை, புழுக்கம் மட்டும் ஈரத்துணி மாதிரி மூக்கை மூடியது. இருபுறமும் ஓட்டு வீடுகள். வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்கள், பெயின்ட் டப்பாக்கள், ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் வாய்வரை நிரம்பிய வாளி. அதை எட்டி உதைத்தாள்.

அவளைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் தொலைபேசி அறையே அவள்தான். "ஹலோ, தண்ணி ஆபீஸ்" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் தேய்ந்துபோய் ஊருக்கே ஹலோவாகிவிட்டவள். பெரியவர்களுக்கு ஹலோ, சின்னதுகளுக்கு ஹலோக்கா.

"என்ன ஹலோ," என்றார் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த லாரி டிரைவர். "வழக்கமா நாங்க நாலு தடவை போன் பண்ணினாலும் தண்ணி வராது. இன்னிக்குத்தான் தானா வந்துச்சு, அதையும் நீயே நேர்ல வந்து கொட்டறியே? இது எந்த ஊரு நியாயம்?"

"அண்ணே, விளையாடற நேரமில்ல. உங்க லாரியை எடுங்க. வாந்தி எடுக்கறவங்க யாரா இருந்தாலும் ஏத்துங்க."

"உங்க ஆபீஸ் ஒத்திகையா?"

"ஒத்திகை இல்லண்ணே!"

டிரைவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் எழுந்து சாவியைத் தேடினார்.

தெரு முடிகிற இடத்தில் கடைசி வீடு அவளுடைய நாத்தனார் வீடு. கணவனின் அக்கா. வாசலில் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிற வீடு அது. சத்தத்தை வைத்தே நாத்தனாரின் புருஷன் டெய்லர் இருக்கிறாரா இல்லையா என்று தெருவுக்குத் தெரியும். இப்போது சத்தம் இல்லை.

டெய்லர் மிஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல். இரண்டும் ஒன்றையொன்று தேடி ஆடிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் வியர்வை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது.

"யாரு, ஹலோவா? வாம்மா. இந்த ஊசியில கொஞ்சம் நூலைக் கோத்துக் குடு. கண்ணு மங்குது."

"அண்ணா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். வெயிலு தாங்கல, சொம்பு சொம்பா..." அவர் சொல்லி முடிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையின் மேலேயே வாந்தி எடுத்தார்.

உள்ளேயிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். கணவனின் தலையைத் தாங்கிக்கொண்டு, "ஏடி, என்னடி ஆச்சு இவருக்கு? காலையில நல்லாத்தானே இருந்தாரு!" என்று அலறினாள். அவள் மடியில் டெய்லர் துணிமூட்டை மாதிரிச் சரிந்தார்.

லாரியில் ஏற்றும்போது அவர் கை அந்த ஊசியை விடவில்லை.

நடந்தது இதுதான்.

விடிந்ததும் ஆற்றோரத்துப் பம்ப் ஸ்டேஷன் காவலாளி கரையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்தான். மேலே மழையில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கின் சுவர் இடிந்து, பீப்பாய்கள் ஆற்றுக்குள் உருண்டிருந்தன. செய்தி வருவதற்குள் பம்ப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டது. இன்ஜினியர் பம்பை நிறுத்தினார். வேர்க்க விறுவிறுக்க வந்து, அலமாரியிலிருந்து அவசரத் திட்டத்தை எடுத்தார்.

திட்டம் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு மேலிடம் எழுதிக் கொடுத்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒத்திகையும் உண்டு. இன்ஜினியரே பொதுமக்களாக நடிப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பெண்குரலில், "ஐயய்யோ, எங்க வீட்ல தண்ணி வரலையே!" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குள் டீ வந்துவிடும். ஆபத்து அதோடு தீர்ந்துவிடும்.

தொலைபேசி அறைக்கென்று திட்டத்தில் மூன்று கட்டளைகள். உத்தரவை 'திற', 'மூடு' என்ற இரண்டே சொற்களில் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது, காரணம் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் பீதி கிளம்பும். பேச்சைப் பதிவு செய்ய ஒரு மெஷின்கூட வந்திருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்க யாருக்கு அதிகாரம் என்று முடிவாகாததால் அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதன் மேல்தான் அவள் சாப்பாட்டுப் பையை வைப்பாள்.

காலையில் ஒவ்வொரு வால்வுக்காரராகக் கூப்பிட்டாள். கடைசியாக அவள் கணவன். தோளில் நீளச் சாவியைச் சுமந்துகொண்டே திரிவதால் அவனுக்குச் சாவி என்று பெயர். பாதாள மூடியைத் திறந்து, தவளைகளை ஒதுக்கிவிட்டு, அந்தச் சாவியை மாட்டிச் சுற்றினால் ஒரு தெரு சிரிக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அதே தெரு அவனைத் திட்டும். இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ளாத ஆள்.

"எல்லாத்தையும் மூடுங்க. உத்தரவு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க," என்றாள்.

"ஏன், என்னாச்சு?"

இன்ஜினியர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. "மேலிடத்து உத்தரவு."

"என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன். வைங்க."

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் இன்ஜினியர் ஒரு முடிவுக்கு வந்தார். மேட்டுத் தொட்டியில் இருப்பது முந்தின நாள் தண்ணீர், நல்ல தண்ணீர். அதிலிருந்து போகிற தெருக்களுக்குக் கொடுக்கலாம். கடைசித் தெரு மட்டும் ஆற்றுக் குழாயிலேயே நேராக மாட்டியிருக்கிறது. அந்தக் குழாய்க்குள் நிற்பது காலையில் ஏறிய தண்ணீர். அதை யாரும் தொடக்கூடாது. கழுத்தைத் துடைத்தபடி, "மத்த தெருவையெல்லாம் திறக்கச் சொல்லும்மா. கடைசித் தெருவை விட்டுடச் சொல்லு," என்றார்.

அவள் அப்படியே சொன்னாள். "மேட்டுத் தொட்டித் தெருவையெல்லாம் திறங்க. கடைசித் தெருவை விட்டுடுங்க."

"சரி சரி," என்றான் சாவி. வைத்துவிட்டான்.

திருப்பிச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. மற்ற வால்வுக்காரர்களைக் கேட்பாள். கட்டின புருஷனைப் போய், நான் சொன்னதை ஒப்பிங்க என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? ஒத்திகையில் ஒருமுறை கேட்டதற்கு, "இதை வீட்ல பண்ணேன், அங்கே நீ என்னைக்காவது நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றைக்கும் டீ வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் முட்டைக் கடைக்காரி போன் செய்தாள். "ஹலோக்கா, எங்க கடைசித் தெருவுல தண்ணி வந்துச்சு. நாங்களும் பிடிச்சு வச்சோம். ஆனா கெரசின் மாதிரி வாடை."

அவள் கணவனைக் கூப்பிட்டாள். "கடைசித் தெருவுல தண்ணி வந்துச்சாமே? திறந்தீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு தவளை கத்துவது மட்டும் கேட்டது.

"நீதானே விட்டுடுன்னு சொன்னே," என்றான்.

அவளுக்குப் பிடிபட்டது அப்போதுதான். வால்வுக்காரர்கள் பேச்சில் தண்ணீரை யாரும் விடுவதில்லை, தெருவைத்தான் விடுவார்கள். "மேலத் தெருவை விட்டாச்சா?" "விட்டுட்டேன்." விட்டுவிடு என்றால் தொடாதே என்பது ஊர்ப் பேச்சு. விட்டுவிடு என்றால் திறந்துவிடு என்பது இவர்கள் பேச்சு. இத்தனை வருஷம் இவர்களோடு பேசிவிட்டு, ஊர்ப் பேச்சில் உத்தரவு சொல்லியிருக்கிறாள்.

காரணத்தை நினைத்து நேரம் கடத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள்.

மூன்று பேர் போய்விட்டார்கள். தெருவிலேயே வயசான கொத்தனார் ஒருவர், புட்டிப்பால் கரைத்துக் கொடுத்த ஒரு கைக்குழந்தை, மறுநாள் காலையில் டெய்லர். இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்கள். நாத்தனாருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து கடை டீயாகவே குடித்துக்கொண்டிருந்தவள், அந்தத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்ததோடு சரி.

டெய்லரை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த அன்று ஹலோ அந்த வீட்டு வாசல்வரை போனாள். நாத்தனார் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். ஏதோ காற்றுக்குச் சாத்துகிற மாதிரி மெதுவாகச் சாத்தினாள்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று சொன்னார்கள். அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான் என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. விட்டுடு என்று சொன்னவள் குற்றவாளியா, அதைத் திற என்று கேட்டவன் குற்றவாளியா? ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிற இரண்டு பேரில் யார்?

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் சோறு போட்டாள். சாவி தொடவில்லை. சுவரில் சாய்ந்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவி சுற்றிக் காய்த்துப்போன கை.

"சாப்பிடுங்க."

"பசிக்கல."

"பட்டினி கிடந்தா போனவங்க வரப்போறாங்களா? ரெண்டு வாய் போடுங்க. நாளைக்கு நாள் முழுக்க உக்கார வைப்பாங்க."

"நான் சொல்லிடறேன்," என்றான் திடீரென்று. "தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே."

"சொல்லிட்டு?"

"என்ன நடக்குமோ நடக்கட்டும்."

"என்ன நடக்கும்னு நான் சொல்லட்டுமா? நீங்க கான்ட்ராக்ட் ஆளு. உங்களுக்கு ஒரு அடையாள அட்டைகூடக் கிடையாது. மூணு உசிருக்கு ஒரு ஆள் கிடைச்சான்னு அன்னிக்கே விலங்கு மாட்டிடுவாங்க. வக்கீல் வைக்க நமக்கு நாதியில்ல. நான் பெர்மனென்ட். முதல்ல சஸ்பெண்டு, அப்புறம் கேஸு, அப்புறம் வாய்தா. இழுத்துக்கிட்டே போகும். யூனியன் வரும். நான் தாங்குவேன்."

"நீ தாங்குவே. ஊரு தாங்குமா? குழந்தையைக் கொன்னவள்னு..."

"அதான் உண்மை! அந்த வார்த்தையைச் சொன்னது யாரு? நானா, நீங்களா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சொல்லுங்க. நான் 'தொடாதீங்க'ன்னு சொல்லியிருந்தா நீங்க திறந்திருப்பீங்களா?"

"போதும். விடு."

"அந்த வார்த்தையை இனிமே இந்த வீட்ல சொல்லாதீங்க!"

இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். பிறகு, சம்பந்தமே இல்லாமல், அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று. அவன் அவளைப் பார்த்தான். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்க திருப்பிக் கேட்டீங்கன்னு சொல்லப் போறேன். 'கடைசித் தெருவையும் திறக்கணுமா'ன்னு கேட்டீங்க. நான் 'ஆமா, திறங்க'ன்னேன். பதிவு மெஷின்தான் பெட்டிக்குள்ள தூங்குதே. யாரு பொய்யின்னு நிரூபிக்கறது? உங்க மேல ஒரு தூசு விழாது."

"அப்படிச் சொல்லாதே."

"ஏன்?"

"நீ கேக்காதது... நடக்காதது எதுக்கு?"

"நடந்ததைச் சொன்னா ரெண்டு பேரும் உள்ளே. யாராவது ஒருத்தர் வெளியே இருக்கணும்ல? அண்ணியைப் பார்க்க ஆளு வேணாமா? அவங்களுக்கு உங்களை விட்டா யாரு?"

அவன் எழுந்து குழாயடிக்குப் போனான். திறந்தான். டேங்கர் தண்ணீர்தான் இப்போதெல்லாம், குழாயில் காற்றுகூட வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி சொன்னான்:

"அக்காகிட்ட மட்டும் இதைப் பத்திப் போய்ப் பேசாதே. எது கேட்டாலும் பேசாதே. சத்தியமா சொல்லு."

"அவங்கதான் என் முகத்துலயே முழிக்க மாட்டேங்கறாங்களே. எங்கே பேசறது?"

அவன் அதற்குப் பிறகு அவள் சொன்ன திட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

கூட்ட அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். மேசையில் மூடி போட்ட தண்ணீர் பாட்டில்கள், வெளியூரிலிருந்து வாங்கி வந்தவை. இன்ஜினியர் கைக்குட்டையை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். சாவி கடைசி நாற்காலியில்.

"திட்டத்துல 'திற', 'மூடு' ரெண்டுதான் இருக்கு. 'விட்டுடு' எங்கேருந்து வந்தது?" என்றார் அதிகாரி.

"வாயிலேருந்து சார்," என்றாள் அவள். அறையில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"இன்ஜினியர் அந்த வார்த்தையைச் சொன்னாரா?"

இன்ஜினியரின் கைக்குட்டை நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு. பொதுமக்களாக நன்றாக நடிப்பார்.

"சொன்னார் சார்."

"நான் விலக்கிடுங்கற அர்த்தத்துல சொன்னேன்," என்றார் இன்ஜினியர் அவசரமாக. "தமிழ் தெரிஞ்ச யாருக்கும் அதான் அர்த்தம்."

"சார், எங்க ஆளுங்க தெருவைத்தான் விடுவாங்க. தண்ணின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கும் அது தெரியும்."

"சரி," என்றார் அதிகாரி. "வால்வு ஆபரேட்டர் உத்தரவைத் திருப்பிச் சொன்னாரா?"

அறை முழுக்க அந்த நாற்காலியைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் தடுமாறிவிடும் என்று தெரியும்.

"சொன்னார் சார். 'கடைசித் தெருவையும் திறக்கணுமா'ன்னு தெளிவாக் கேட்டார். நான்தான் 'ஆமா, திறங்க'ன்னேன். எனக்கு அன்னிக்கு நாலு போன் ஒரே நேரத்துல அடிச்சுது. என்ன சொல்றோம்னு தெரியாம சொல்லிட்டேன்."

"உங்களுக்குப் புரியுதாம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு?"

"புரியுது சார்."

அதிகாரி கடைசி நாற்காலியை நோக்கித் திரும்பினார். "அவங்க சொல்றது சரியா?"

சாவி எழுந்தான். வாய் திறந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஆமாங்க," என்றான்.

அவள் மூச்சு விட்டாள். இன்ஜினியரும் விட்டார், சத்தமாகவே.

"இன்னும் ஒண்ணு சார்," என்றாள். "காரணத்தைச் சொல்லக்கூடாதுன்னு திட்டத்துல போட்டிருக்கே. காலையிலயே ஆத்துல விஷம்னு ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தா, அதுக்கப்புறம் நான் எந்த வார்த்தையை உளறியிருந்தாலும் அந்த வால்வை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "அது கொள்கை முடிவும்மா. அதுக்குள்ள நாம போக வேண்டாம்."

சஸ்பெண்டு உத்தரவு அங்கேயே கையில் கொடுத்தார்கள். போலீஸில் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வாசலில் கடைசித் தெருவின் ஜனம் நின்றிருந்தது. கல் எறிவார்கள் என்று பயந்துதான் வெளியே வந்தாள். யாரும் எறியவில்லை. முட்டைக் கடைக்காரி மட்டும் முன்னால் வந்து, "அந்தக் குழந்தையை நான்தான்கா லாரியில ஏத்தினேன்," என்றாள்.

சாவி கூட வரவில்லை. பம்ப் ஸ்டேஷனில் வேலை இருக்கிறது என்றான். அவள் தலையாட்டினாள். அவனைக் காப்பாற்றியாகிவிட்டது. அந்த நிம்மதி ஒன்றுதான் அவளை நடக்க வைத்தது.

வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். கால் கடைசித் தெருவுக்குத் திரும்பியது. கணவன் கேட்ட சத்தியம் ஞாபகம் இருந்தது. பேச வேண்டாம், காலில் விழுந்துவிட்டு வந்துவிடலாம். ஜெயிலுக்குப் போவதற்குள் அதையாவது செய்துவிட வேண்டும்.

கதவு திறந்திருந்தது. நாத்தனார் தரையில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டெய்லர் பாதியில் விட்டவை. கை வைக்காத சட்டை, காலர் இல்லாத சட்டை, வெட்டியது வெட்டியபடி கிடந்த பாவாடைத் துணி. யார் யாருடையது என்று அளவுச் சீட்டைப் பார்த்துத் தனித்தனியாகக் கட்டினாள். சொந்தக்காரர்கள் வந்து கேட்குமுன் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது போல ஒரு வேகம்.

"அண்ணி..."

நாத்தனார் நிமிரவில்லை. "வா. அந்த நாடாவை எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு அப்படியே குப்புற விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னை எது வேணாலும் பண்ணுங்க அண்ணி. அண்ணனைக் கொன்னுட்டேன்."

"காலை விடு. கூசுது." குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "ஆபீஸ்ல என்னமோ சொன்னியாமே? முட்டைக்காரி இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனா. நீ திறன்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டியாம்."

"ஆமா அண்ணி."

"ஏண்டி பொய் சொன்னே?"

ஹலோ தலையைத் தூக்கினாள்.

"நீ விட்டுடுங்கன்னுதானே சொன்னே? என் காதால கேட்டேனே. நான் அவன் பக்கத்துலதானே நின்னேன். கை ஈரம்னு போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழே வச்சிருந்தான்."

"நீங்க... அங்கே இருந்தீங்களா?"

"இருந்தேன். வீட்ல பொட்டுத் தண்ணி இல்ல. தெருமுனையில மூடி மேல உக்காந்திருந்தான். ரெண்டு குடம் விடுடான்னேன். உத்தரவு இல்லக்கான்னான். ஏண்டா, என்ன காரணம்னேன். 'எனக்கே தெரியலக்கா, அவகிட்டக் கேட்டேன், அவளே சொல்ல மாட்டேங்கறா'ன்னான். அப்ப ஒண்ணும் பெரிசா இருக்காது, சும்மா உக்காந்துக்கிட்டு அதிகாரம் பண்றாங்க, விடுடான்னேன். என் தம்பியாச்சே, விட்டான்."

"போன்..." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என் போன் வர்றதுக்கு முன்னாடியா அண்ணி?"

"முன்னாடிதான். முனைக் குழாயில ஒரு குடம் ரொம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிட்டு வந்துட்டேன். ரெண்டாவது பாதி ரொம்பும்போது உன் போன். நீ சொன்னதும் அவன் மூஞ்சியே மாறிடுச்சு. டக்குனு மூடிட்டான். 'அக்கா, நம்ம தெருவை வேணாங்கறாங்க, இனிமே வராது'ன்னான். பாதிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தேன்."

நாத்தனார் ஒரு சட்டைத் துணியை மடித்து, சீட்டைச் செருகி, நாடாவால் இறுக்கினாள். வாசலில் தையல் மிஷின் மூடிக்கிடந்தது.

"அப்புறம் நீ மறுபடி போன் பண்ணி எல்லாருக்கும் விடச் சொல்லியிருப்பேன்னு நினைச்சுத்தான் அன்னிக்குக் கதவைச் சாத்தினேன். எதுவோ ஒண்ணு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்குதுடி. அவர் அன்னிக்கு வாசலைத் தாண்டவே இல்ல. வீட்டுக்குள்ள என் தம்பி விட்ட நல்ல தண்ணி ஒன்றரைக் குடம் இருந்துச்சு, அதைத்தான் நான் மொண்டு மொண்டு குடுத்தேன். அப்படியிருக்க, நீ விட்ட அந்த விஷத்தண்ணியை அவர் எங்கே போய்க் குடிச்சாருன்னுதான் எனக்கு விளங்கவே இல்ல."